ஒரு கிளை மட்டும் சிவந்த மரம்: இலையுதிர்காலப் படத்திலிருந்து கவிதை எழுதுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வோர் ஒக்டோபரிலும் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் ஒரு நூலக அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். சுவரில் ஒரு படத்தை ஒட்டிவிட்டு அதைப் பார்த்துக் கவிதை எழுதுவது வழக்கம். வருகிறவர்களில் ஒரு தாதி இருக்கிறார், லொறி ஓட்டுகிறவர் இருக்கிறார், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவரும் இருக்கிறார். ஆறு வருடமாக ஏறக்குறைய அதே கேள்விகள்தான். என் பதில்கள்தான் மாறிக்கொண்டு வந்திருக்கின்றன. இப்போதைக்குக் கையில் இருப்பவை இவை.

முதலில், எந்தப் படம்?

ஒன்ராறியோவின் அல்கோன்குயின் பூங்காவில் நானே எடுத்தது. ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஏறத்தாழ மூன்று மணி நேர ஓட்டம். 1893இல் அமைத்த பூங்கா. 7,600 சதுர கிலோமீற்றருக்கும் மேல். அதன் தெற்குப் பகுதியை ஊடறுத்து 60ஆம் இலக்க நெடுஞ்சாலை போகிறது. அந்தச் சாலையோரத்து ஏரிகளில் ஒன்றில், செப்டெம்பர் கடைசிச் சனிக்கிழமை, காலை ஏழரை மணிக்கு எடுத்தேன்.

படத்தில் இருப்பவை: கறுத்த தண்ணீர். அதன்மேல் முழங்கால் உயரத்துக்குப் புகார், அதாவது மூடுபனி. அக்கரையில் கரும்பச்சை ஊசியிலை மரங்கள், அவற்றுக்கு நடுவே சிவப்பும் செம்மஞ்சளுமாக மேப்பிள்கள். இக்கரையில் இடப்பக்கம் வெள்ளைத் தண்டுள்ள பேர்ச் மரம் ஒன்று தண்ணீரை நோக்கிச் சாய்ந்து நிற்கிறது. வலது ஓரத்தில் ஓர் இளம் மேப்பிள், இன்னும் பச்சை. அதில் ஒரே ஒரு கிளை மட்டும் சிவந்திருக்கிறது. கரையோரத் தண்ணீரில் சில இலைகள். கீழே பாறையில் யாரோ விட்டுப்போன ஒற்றைக் கையுறை, சாம்பல் நிறம்.

கையுறையைப் படம் எடுத்தபோது நான் காணவில்லை. வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஏரிக்கரையில் நின்றவளுக்குச் சிவப்பு மட்டும்தான் தெரிந்திருக்கிறது. நேரில் பார்த்தால் போதாதா, படம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்தக் கையுறையைத்தான் காட்டுவேன்.

"அக்கா, அரை மணித்தியாலமாப் பாத்துக்கொண்டு இருக்கிறன். ஒண்டும் வருகுதில்லை. என்ன செய்ய?"

கவிதை வரும் என்று காத்திருக்கிறீர்கள், அதனால்தான் வரவில்லை. கடையில் வருடக் கடைசியில் சரக்கு இருப்பு எடுப்பார்களே, அதுபோல எடுங்கள். படத்தில் என்ன இருக்கிறது, எத்தனை இருக்கிறது, எங்கே இருக்கிறது. அழகிய, வண்ணமயமான, ரம்மியமான என்ற சொற்களுக்கு அன்றைக்கு விடுமுறை. பெயர்ச்சொற்களை எழுதி முடித்தபின் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வினைச்சொல். பேர்ச் சாய்கிறது. புகார் தங்கி நிற்கிறது. கையுறை கிடக்கிறது. 'கிடக்கிறது' என்று எழுதியதுமே கையுறைக்கு ஒரு கதை வந்துவிடுவதைக் கவனிப்பீர்கள். 'இருக்கிறது' என்று எழுதியிருந்தால் வந்திராது.

அதுவும் உதவவில்லையென்றால், ஒரு தாளில் ஐம்பது சத நாணயம் அளவுக்கு ஓட்டை வெட்டி, அதைப் படத்தின்மேல் நகர்த்திக்கொண்டே போங்கள். முழுப் படத்தையும் பார்க்கும்போது கண் சிவப்பிலேயே போய் விழும். ஓட்டை வழியாகப் பார்க்கும்போது சிவப்புக்குத் தனிச் சலுகை இல்லை.

கணக்கு வாத்தியார் இப்படித்தான் தண்ணீரில் மிதந்த இலைகளை எண்ணினார். பதினொன்று. பத்துப் பழுத்தவை, ஒன்று பச்சை. பச்சையாகவே விழுந்த அந்த ஓர் இலையைப் பற்றி ஆறு வரி எழுதி வாசித்தார். அறையில் யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. எங்கள் ஊர்க்காரருக்கு அது புரிய விளக்கம் தேவைப்படவில்லை.

தமிழில் இலையுதிர் காலம் என்று ஒரு பருவம் உண்டா?

இலை உதிர்வது உண்டு. அதன் பெயரில் ஒரு பருவம் இல்லை. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பெரும்பொழுது. ஆவணி புரட்டாசி கார். ஐப்பசி கார்த்திகை கூதிர். அல்கோன்குயினில் மேப்பிள் சிவந்து நிற்கும் செப்டெம்பர் கடைசி, நமக்குப் புரட்டாசி. யாழ்ப்பாணத்தில் அப்போது சனம் மழைக்கு வானம் பார்த்துக்கொண்டிருக்கும். ஐப்பசியில் வடகீழ்ப் பருவமழை விழுந்தால் காய்ந்து கிடந்த தரவையில் புல் தலை நீட்டும். இந்த நாடு உதிர்க்கிற நேரத்தில் அந்த நாடு முளைக்கத் தொடங்குகிறது.

நம் ஊர்களில் மரம் கொட்டுவது மாசி, பங்குனியில். வேம்பு கொட்டும், அரசு கொட்டும், இலவு கொட்டும். இங்கே மரம் உறைகுளிருக்கு முன்னேற்பாடாக உதிர்க்கிறது. அங்கே வறட்சிக்கு முன்னேற்பாடாக, தண்ணீரைக் காப்பாற்ற. அதைவிடப் பெரிய வித்தியாசம், அடுத்து வருவது என்ன என்பது. வேம்பு மொட்டையாக நிற்பது கொஞ்ச நாள்தான். பழுத்த இலை விழுந்துகொண்டிருக்கும்போதே செந்தளிர் வந்துவிடும், சித்திரைக்குள் பூவும் வந்துவிடும். சிறுவயதில் முற்றம் கூட்டி வளர்ந்த ஒருவருக்கு, கொட்டிய இலைக்குப் பின்னால் வருவது வேப்பம்பூ மணம். கனடாவில் வளர்ந்த ஒருவருக்கு அது ஐந்து மாத வெள்ளை.

'இலையுதிர் காலம்' என்ற சொல் மேல்நாட்டுப் பருவத்தைச் சொல்வதற்காக வந்து நிலைத்த சொல். சொல்லோடு கூடவே ஒரு சோகமும் பெட்டி கட்டி வந்துவிட்டது என்பது என் எண்ணம். மதுரையில் இருந்துகொண்டு, வாழ்நாளில் ஒரு மேப்பிளைக் காணாமல், "என் வாழ்வின் இலையுதிர் காலம்" என்று எழுதுகிறவரின் சோகம் பொய் என்று சொல்ல மாட்டேன். அந்தச் சோகத்துக்கு அவர் மாட்டிய சட்டை இரவல்.

அப்படியானால் கூதிர் என்று எழுதலாமா? சரத் காலம்?

வேண்டாம். கூதிர் என்றால் மழையும் வாடைக்காற்றும். வாசிக்கிறவர் காதில் மழை கேட்கும், படத்திலோ மழை இல்லை. சரத் என்றால் தெளிந்த வானமும் நிலவும். அதிலும் இலை விழாது. இங்கே பிள்ளைகள் 'ஃபோல்' என்கிறார்கள், பேச்சு நடையில் எழுதுகிற கவிதையில் அதைக்கூட வைக்கலாம். நான் பெரும்பாலும் பருவத்தின் பெயரையே எழுதுவதில்லை. 'ஒக்டோபர்' என்று மாதத்தைப் போட்டால் வேலை முடிந்துவிடுகிறது.

பழைய இலக்கணத்தில் படம் பார்த்து எழுதுவதற்கு ஏதாவது வழி இருக்கிறதா?

படம் பார்த்து எழுத என்று இல்லை. ஆனால் நான் கண்டதிலேயே மிகப் பயனுள்ள கருவி தொல்காப்பியப் பொருளதிகாரத்தில்தான் கிடக்கிறது: முதல், கரு, உரி. பள்ளிக்கூடத்தில் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்து வெறுத்ததை மறந்துவிட்டு, இந்தப் படத்தில் வைத்துப் பாருங்கள்.

முதற்பொருள், நிலமும் பொழுதும். ஏரிக்கரை, செப்டெம்பர் கடைசி, விடியற்காலை. படத்தில் இருக்கிறது.

கருப்பொருள், அந்த நிலத்தின் மரம், பறவை, விலங்கு, நீர், அங்கே மனிதர் செய்யும் தொழில். மேப்பிள், பேர்ச், கறுத்த தண்ணீர், கையுறை. படத்தில் இருக்கிறது. தொழிலும் பறவையும் இல்லை. ஏன் இல்லை என்பதே ஒரு கேள்வி.

உரிப்பொருள், அந்த இடத்துக்கும் நேரத்துக்கும் உரிய மனநிலை. கூடல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல். படத்தில் இல்லை.

எத்தனை நல்ல படமென்றாலும் மூன்றாவது அதில் இருக்காது. அதை நீங்கள்தான் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். "படம் எனக்கு எதுவும் சொல்லவில்லை" என்று வருகிறவர்களிடம் நான் கேட்பது, நீங்கள் என்ன கொண்டு வந்தீர்கள் என்பதைத்தான். இதைக் கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன் என்று தாதி கோபித்துக்கொண்டார். அடுத்த வாரம் அவர் கொண்டு வந்தது பதினெட்டு மணி நேர வேலைக்குப் பின் கழற்றிய கையுறை. படத்திலிருந்த கையுறையோடு அது ஒட்டிக்கொண்டது.

இன்னொன்று. உரிப்பொருள் அல்லாதவை ஒன்றோடொன்று மயங்கலாம் என்று அந்த நூலே அனுமதி தருகிறது. ஒரு திணையின் மரம் இன்னொரு திணையில் வரலாம். மேப்பிளை எந்தத் திணையில் வைப்பது என்று ஒருவர் கேட்டபோது, பாலையில் வைத்துப் பாருங்கள் என்றேன். பாலைக்குத் தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் வாடித் திரிந்த நிலைதான் பாலை. அதன் பொழுது வேனில், பின்பனியும் அதற்கு உரியது. நம் வேம்பும் இலவும் கொட்டுகிற காலம். அதன் உரிப்பொருள் பிரிவு. விமானத்தில் வந்து இறங்கியவர்களின் கவிதைக்கு இதைவிடப் பொருத்தமான முகவரி எனக்குத் தெரியவில்லை. ஆனால் கவிதைக்குள் 'பாலை' என்ற சொல்லை எழுதிவிடாதீர்கள். எழுதினால் அது பரீட்சை விடையாகிவிடும்.

உதிர்ந்த இலை என்றாலே முதுமை, மரணம். வேறு என்ன எழுத இருக்கிறது?

முதுமையும் மரணமும் எழுதலாம். தேய்ந்த வழியில் போகாதீர்கள், அவ்வளவுதான். தமிழில் இலை முற்றி மஞ்சளாவதற்கு என்ன சொல்கிறோம்? இலை 'பழுக்கிறது' என்கிறோம். மாம்பழத்துக்கும் அதே சொல். முதியவரைப் 'பழுத்த பழம்' என்போம். வாடுதல், காய்தல், கருகுதல் எல்லாம் இருக்க, மரத்திலேயே நிறம் மாறும் இலைக்கு நாம் பழத்தின் சொல்லைக் கொடுத்திருக்கிறோம். இந்த ஒரு வினைச்சொல்லை வைத்தே ஒரு கவிதை எழுதலாம், அழுகை வராத கவிதை.

தளிர், கொழுந்து, இலை, பழுப்பு, சருகு. பனைக்குப் போனால் குருத்தோலை, காவோலை. "காவோலை விழக் குருத்தோலை சிரிச்சதாம்" என்று எங்கள் அப்பாச்சி சொல்வார். சிரித்த குருத்தோலைக்கும் ஒருநாள் வரும் என்று சொல்லாமல் விடுவதுதான் அந்தப் பழமொழியின் கெட்டித்தனம். உங்கள் கவிதையும் அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ளக் கற்றால் நல்லது.

எழுதித் தேய்ந்ததில் இன்னொன்று, கனடியக் கொடி. 1965இல் அந்தச் சிவப்பு இலை கொடியில் ஏறிவிட்டது. கொடியில் ஏறிய இலையைத் திரும்ப மரத்தில் ஒட்டவைப்பது கடினம். குடியுரிமை, நன்றி, தாய்நாடு சேய்நாடு என்று இழுத்துக்கொண்டு போய்விடும்.

இலை ஏன் சிவக்கிறது என்ற அறிவியல் தெரிந்தால் கவிதை கெட்டுவிடாதா?

எனக்கு நேர்மாறாக நடந்தது. பகல் குறுகத் தொடங்கியதும் மரம் இலையிலுள்ள பச்சையத்தைப் புதுப்பிப்பதை நிறுத்துகிறது. பச்சை குலைந்ததும் அடியில் மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. பேர்ச்சின் மஞ்சள் வசந்தத்திலிருந்தே அங்கே இருந்ததுதான், நாம் காணவில்லை. மேப்பிளின் சிவப்பு அப்படியல்ல. அது முன்பு அங்கே இல்லை. இலையில் தங்கிய சர்க்கரையைக் கொண்டு, போகும் நேரத்தில் புதிதாகச் செய்வது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் அமைந்த வருடங்களில் சிவப்பு அதிகம்.

மஞ்சள் இருந்தது, சிவப்பு செய்யப்பட்டது. இதைக் கேட்டதும் லொறி ஓட்டுகிறவர் பேனையைக் கீழே வைத்துவிட்டார். "கடைசி மாசத்தில எதுக்குப் புதுசா ஒண்டு செய்யோணும்?" என்று கேட்டார். ஆய்வாளர்களுக்கும் அதில் ஒரே கருத்து இல்லை. இலையிலிருந்து சத்தைத் திரும்ப எடுக்கும்வரை வெயிலிலிருந்து காக்கும் திரை என்கிறார்கள் சிலர், பூச்சிகளுக்கு எச்சரிக்கை என்கிறார்கள் சிலர். அவருக்கு அந்த விடைகள் தேவைப்படவில்லை. கேள்வியையே முதல் வரியாக வைத்தார்.

இன்னும் ஒன்று, இது இலக்கணக்காரருக்கு. இலை தானாக விழுவதில்லை. காம்பு மரத்தைத் தொடும் இடத்தில் மரம் ஒரு படலத்தை வளர்த்து வழியை அடைக்கிறது. எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு, காயம் படாமல் அடைத்துவிட்டுத்தான் விடுகிறது. ஆகவே இலை 'உதிர்கிறது' என்பதைவிட மரம் 'உதிர்க்கிறது' என்பது சரி. ஒரு ஒற்றெழுத்து கூடினால் குற்றவாளி மாறிவிடுகிறார். உங்கள் கவிதையில் யார் விட்டது, யார் விழுந்தது என்று முடிவு செய்துவிட்டு வினையைத் தேர்ந்தெடுங்கள். அதோடு, ஓக்கும் பீச்சும் இளமரமாக இருக்கையில் காய்ந்த இலையைக் குளிர்காலம் முழுக்கப் பிடித்துக்கொண்டே நிற்பதுண்டு. விட மனமில்லாதவர்களைப் பற்றி எழுத நினைத்தால் அந்த மரத்தைத் தேடிப் போகலாம்.

மரத்தின் பெயர் தெரியாமல் எழுதலாமா?

எழுதலாம். ஆனால் தெரிந்துகொள்வதில் நட்டமில்லை. 'மரம்' என்று எழுதினால் வாசிக்கிறவர் தன் ஊர் மரத்தை வைத்துக்கொள்வார். சில கவிதைக்கு அதுவே நல்லது. பேர்ச் என்று தெரிந்தால் வேறு கதவுகள் திறக்கும். அதன் பட்டை தாள்போல உரியும். இந்த மண்ணின் ஆதிக்குடிகள் அந்தப் பட்டையால் தோணி கட்டினார்கள். இமயத்தில் வளரும் அதன் உறவு மரம் பூர்ஜம். அந்தப் பட்டையில் காஷ்மீரத்தில் சுவடி எழுதினார்கள், நாம் பனையோலையில் எழுதியதுபோல. பூர்ஜம், பேர்ச் இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்த சொற்கள். எழுதுவதற்கு ஒரு மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், அது முன்னமே எழுதப்பட்ட மரமாக இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டபின் படத்தின் இடப்பக்கம் எனக்குச் சும்மா இருக்கவில்லை.

நான் வேலூரில் இருக்கிறேன். மேப்பிளைப் பார்த்ததே இல்லை. படம் மட்டும் வைத்து எழுதினால் பொய்யாகிவிடாதா?

பார்த்ததாகச் சொன்னால்தான் பொய். படம் பார்க்கிறேன் என்று சொல்லி எழுதுங்கள். கைப்பேசித் திரையில் ஏரி, யன்னலுக்கு வெளியே வெயில், மின்விசிறி. அந்த இடைவெளியே நல்ல பொருள்.

சிவந்த இலை வேண்டுமென்றால் அதற்குக் கனடாவுக்கு வர வேண்டியதுமில்லை. நாட்டு வாதுமை மரத்தைப் பாருங்கள், பள்ளிக்கூட மைதானங்களிலும் கடற்கரை ஊர்களிலும் குடைபோல அடுக்கடுக்காக நிற்குமே, அதுதான். உதிர்வதற்கு முன் அதன் பெரிய இலைகள் நன்றாகச் சிவக்கும். அந்தச் சிவப்பும் இந்தச் சிவப்பும் ஒரே வகை நிறமியால் வருபவை. நம் பக்கத்துக் கவிதைகளில் அந்த மரம் அநியாயத்துக்குக் குறைவு.

படத்தில் சத்தமும் மணமும் இல்லையே?

இல்லாததால்தான் உங்களுக்கு வேலை. குறுந்தொகையின் 7ஆம் பாடலில் வறண்ட வழி ஒன்றில் வாகை மரத்தின் காய்ந்த நெற்றுகள் காற்றில் ஒலிக்கின்றன, கயிற்றின்மேல் ஆடும் கூத்தருக்கு அடிக்கும் பறையைப்போல. அந்த வழியில் இலை இருந்தால் அந்த ஒலி கேட்டிருக்குமா என்று யோசித்துப் பாருங்கள். இலையற்ற மரத்தை அந்தப் புலவர் காதால் காட்டுகிறார்.

எங்கள் படத்தில் நான் கேட்டது என்ன? நின்றிருந்தபோது ஒரு சத்தமும் இல்லை, அதுதான் நினைவு. அம்மாவிடம் காட்டினேன். அவர் கேட்டது வேறு. "இவ்வளவு குப்பையையும் ஆர் கூட்டுறது?" என்றார். அம்மாவுக்கு இலை என்றால் விடியற்காலையில் முற்றத்து மண்ணில் விளக்குமாறு கீறும் சத்தம். இங்கே வந்தும், ஒக்டோபரில் முன்வளவு இலையை வாரிப் பழுப்புத் தாள் பைகளில் நிரப்பி, மாநகரசபை எடுத்துப்போக வீதியோரம் வரிசையாக வைப்பது அவர்தான். ஒரு வருடம் பதினான்கு பை. பையின் வாயை மடிக்கும்போது வரும் ஈர இலை மணம், கொஞ்சம் தேயிலைச்சாயம்போல இருக்கும். நான் மூன்று மணி நேரம் ஓடிப் போய்ப் படம் எடுத்தேன். அம்மா வாசலில் வைத்து அதைப் பையில் கட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு கவிதை எப்படி உருவானது என்று காட்ட முடியுமா?

என்னுடையதையே காட்டுகிறேன், வெட்கத்தோடு. முதல் வடிவம் இது:

இலையுதிர் காலமே,
இயற்கை தீட்டிய ஓவியமே,
உன் வண்ணங்களில் கரைகிறது
என் மனம்.

இதை எழுத அல்கோன்குயின் போகத் தேவையில்லை, நாட்காட்டி போதும். எனக்கு ஒரு சோதனை இருக்கிறது: படத்தை மறைத்துவிட்டுக் கவிதையை வேறொருவரிடம் கொடுத்து, படத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பது. இதற்கு அவர் எந்தப் படத்தையும் சொல்லலாம்.

இரண்டாவது:

பச்சை மேப்பிளில்
ஒரு கிளை மட்டும் சிவப்பு,
செத்தவீட்டில் முதலில் அழத் தொடங்கியவள்போல.

கிளை வந்துவிட்டது, அது முன்னேற்றம். ஆனால் 'போல' வந்து கதவைச் சாத்திவிட்டது. அழுகிறவளையும் நானே கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டேன். வாசிக்கிறவருக்கு நிற்க இடமில்லை. உவமை வந்தவுடன் எனக்கு ஏற்பட்ட திருப்தியைத்தான் நான் சந்தேகித்திருக்க வேண்டும். அதைக் கண்டுகொள்ள இரண்டு வாரம் பிடித்தது.

மூன்றாவது:

ஒரு கிளை மட்டும் சிவந்திருக்கிறது.
மற்றக் கிளைகளுக்கு
இன்னும் செய்தி போகவில்லை.

இதில் 'மேப்பிள்' போய்விட்டது, 'பச்சை' போய்விட்டது. 'செய்தி' என்ற சொல் வந்தது. ஆனால் 'இலையுதிர் காலம்' என்று தலைப்பு வைத்தபோது மூன்று வரியும் படுத்துவிட்டன. பருவத்தைப் பற்றிய வேடிக்கைக் கவிதையாகிவிட்டது. பல நாள் கழித்துத் தலைப்பை மாற்றினேன்: 'இரவு இரண்டு மணி'. யாழ்ப்பாணத்தில் அப்போது பகல் பதினொன்றரை. அந்த நேரத்தில் தொலைபேசி அடித்தால் இங்குள்ள எந்தத் தமிழ் வீட்டிலும் ஒருவர்தான் முதலில் எழும்பி எடுப்பார், மற்றவர்கள் இன்னும் தூக்கத்தில் இருப்பார்கள். அதை நான் கவிதைக்குள் எழுதவில்லை. உரிப்பொருளைத் தலைப்பில் வைத்துவிட்டு, கருப்பொருளை மட்டும் உள்ளே விட்டேன்.

பின்னால் ஒரு செய்தி தெரிந்தது. மற்றவை பச்சையாக இருக்க ஒரு கிளை மட்டும் முந்திச் சிவந்தால், பெரும்பாலும் அந்தக் கிளைக்கு ஏதோ துன்பம் என்று அர்த்தமாம்: காயமோ நோயோ. கவிதையில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை, ஆனால் அதற்குப்பின் அதை வாசிக்கும் குரல் மாறிவிட்டது.

ஹைக்கூ எழுதலாமா? 5-7-5 எண்ண வேண்டுமா?

எழுதலாம், எண்ண வேண்டாம். யப்பானியர் எண்ணுவது அவர்கள் மொழியின் ஒலியலகு. நம் நேரசை நிரையசைக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. 1916இலேயே பாரதி யப்பானியக் கவிதையைத் தமிழருக்கு அறிமுகம் செய்தபோது அவரைக் கவர்ந்ததும் சுருக்கம்தான். எண்ணிக்கையைவிட அவர்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது பருவச்சொல். ஒரு சொல்லால் பொழுதைச் சொல்லிவிடுவது, அதாவது நம் முதற்பொருள். சிவந்த இலை பார்க்கப் போவதற்கு அவர்கள் சொல் 'மொமிஜிகரி', நேர்ப்பொருள் சிவப்பிலை வேட்டை. ஒக்டோபர் ஆரம்பத்து வார இறுதியில் 60ஆம் நெடுஞ்சாலையில் கார்கள் முட்டி மோதி நிற்பதைப் பார்த்தால் வேட்டை என்பது மிகச்சரி என்று தோன்றும். போவதானால் நுழைவு அனுமதியை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். அலைய விருப்பமில்லையென்றால் ஸ்காபரோவிலேயே ரூஜ் பூங்கா இருக்கிறது.

வெண்பாவில் எழுதினால்?

கை வந்தால் எழுதுங்கள். 'மேப்பிள்' தேமா என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

வண்ணத்தைக் கூட்டிய படங்களை வைத்து எழுதலாமா?

அது சிவப்பைப் பற்றிய படம் அல்ல, சிவப்புக்கு ஆசைப்பட்டவரைப் பற்றிய படம். அந்த ஆசையைப் பற்றி எழுதுவதானால் எழுதுங்கள். மற்றபடி, மேகம் மூடிய நாளில் எடுத்த மங்கலான படமே எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

மற்றவர் எடுத்த படத்துக்குக் கவிதை எழுதி, இரண்டையும் சேர்த்துப் போடலாமா?

கவிதை உங்களுடையது. படத்தையும் போடுவதானால் எடுத்தவரைக் கேட்டு, அவர் பெயரையும் போடுங்கள். கேட்காமல் போட்டுவிட்டு 'இணையத்தில் கிடைத்தது' என்று எழுதுவது நல்ல பழக்கமல்ல. கவிதையைப் படத்தின்மேலேயே பூ எழுத்தில் அச்சடிப்பதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

இங்கே பிறந்த பிள்ளைகளைத் தமிழில் எழுதவைக்க இந்தப் படம் உதவுமா?

உதவும், நீங்கள் விளக்கம் சொல்லாமல் இருந்தால். ஒருமுறை பெரியவர்கள் வகுப்புக்கு ஒருவரின் ஒன்பது வயதுப் பேத்தியும் கூட வந்தாள். படத்தைப் பார்த்துவிட்டு, "நாங்கள் குளிருக்கு உடுப்புப் போடுறம். மரம் ஏன் கழட்டுது?" என்று கேட்டாள். நாங்கள் பன்னிரண்டு பேர் அன்றைக்கு எழுதியதில் அதற்குப் பக்கத்தில் வைக்க ஒன்றும் இல்லை. அவளுக்குச் 'சருகு' என்ற சொல்லைக் கொடுத்தோம். அதை உள்ளங்கையில் வைத்து நொறுக்குவதுபோல இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள்.

எல்லாம் கொட்டிய பிறகு படம் எடுக்கலாமா?

எடுக்க வேண்டும். மேப்பிள் முடிந்ததும் ஒக்டோபர் நடுவில் பேர்ச்சும் அஸ்பெனும் மஞ்சள். மாதக் கடைசியில் தமறாக் பொன்னிறமாகும். ஊசியிலை மரமாக இருந்தும் இலையை முழுக்க உதிர்க்கிற மரம் அது. ஆங்கிலத்தில் அதன் பெயரின் முதல் மூன்று எழுத்துக்காக (Tam) எனக்கு அதில் ஒரு பட்சபாதம். அதற்குப் பின் நவம்பரில் அதே ஏரிக்கரைக்கு ஒருமுறை போனேன். சாலையில் வாகனம் இல்லை. அக்கரை முழுக்கச் சாம்பல், இடையிடையே கரும்பச்சை. இளம் மேப்பிளில் எந்தக் கிளை முன்பு சிவந்திருந்தது என்று அடையாளம் காண முடியவில்லை. பாறையில் கையுறை இல்லை. போகிறவர்கள் சூடாகக் குடிக்க ஏதாவது கொண்டுபோங்கள். குளிர்காலத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பியபின் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும், திரும்பி வரும் வழியில் மூஸ் மான் குறுக்கே வரும்.